ஒரு கடிதமும் நான்கு பதில்களும்

ஆஸ்கார் வைல்டின் ‘டி ப்ரொஃபண்டிஸ்’ நூலை நாங்கள் முதலில் வாசித்தது கல்லூரிக் காலத்தில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மெல்லிய பதிப்பில். துயரத்தைப் பற்றியும் கிறிஸ்துவைப் பற்றியும் அதில் வரும் பகுதிகளை நண்பர்கள் கூடி உரக்கப் படித்தோம். சிறைப்பட்ட கலைஞன் ஒருவன் தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட நூல் என்று நம்பினோம். மனமுடைந்த நண்பர்களுக்கு மருந்துபோல இரவல் கொடுத்தோம். அது காதலனுக்கு எழுதிய கடிதம் என்பதும், பழைய கணக்கையெல்லாம் தீர்க்கும் கடிதம் என்பதும் பல ஆண்டுகள் கழித்து முழுப் பதிப்பு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் மெல்லிய பதிப்பில் பாதிக்கும் மேல் இல்லை. கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ, அவர் பெயரும் இல்லை.

அந்தப் பெயர் ஆல்ஃபிரட் டக்ளஸ். 1891-இல் வைல்டைச் சந்தித்தபோது ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்; கவிஞர்; வைல்டைவிடப் பதினாறு வயது இளையவர். டக்ளஸின் தந்தை குவீன்ஸ்பெரி பிரபு 1895 பிப்ரவரியில் வைல்டின் மன்றத்தில் ஓர் அவதூறு அட்டையை விட்டுச் சென்றார். வைல்ட் அவர்மீது வழக்குத் தொடுத்தார்; வழக்கு அவர் மீதே திரும்பியது. மே மாதம் 25-ஆம் நாள் ஆண்களோடு கொண்ட உறவுக்காக இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தண்டனையின் கடைசி மாதங்களில், 1897 ஜனவரி முதல் மார்ச் வரை, ரெடிங் சிறையில் நீலநிறச் சிறைத்தாள்களில் எழுதியதுதான் ஏறத்தாழ ஐம்பதாயிரம் சொற்கள் கொண்ட அந்தக் கடிதம்.

முழுக் கடிதத்தை வாசிப்பவர் முதலில் திகைப்பது அதன் கணக்கு வழக்குகளைக் கண்டுதான். 1892 இலையுதிர்காலம் முதல் சிறை செல்லும்வரை டக்ளஸுக்காகச் செலவிட்டது ஐயாயிரம் பவுனுக்கும் மேல் என்கிறார் வைல்ட். ‘சலோமே’ நாடகத்தை டக்ளஸ் பிரெஞ்சிலிருந்து பெயர்த்த விதத்தில் பள்ளிச் சிறுவனின் பிழைகள் இருந்தன என்கிறார். 1894 அக்டோபரில் பிரைட்டனில் காய்ச்சலில் கிடந்த டக்ளஸைத் தாம் பேணியதையும், அதே காய்ச்சல் தமக்கு வந்தபோது அவர் விட்டுச் சென்றதையும், தம் பிறந்த நாளன்று அவரிடமிருந்து வந்த கொடிய கடிதத்தையும் சொல்கிறார். தந்தைக்கும் மகனுக்குமான பகையில் தாம் பகடைக்காயானதாகக் குமுறுகிறார். படிக்கப் படிக்க நமக்கு டக்ளஸ் மீது வெறுப்பு ஊறுகிறது. நாங்களும் வெறுத்தோம். அப்போது எங்களில் ஒருவர் கேட்டார்: “இதில் அந்தப் பையனின் பேச்சு எங்கே?”

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் டக்ளஸின் நூல்களை நாடினோம். 1914, 1929, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் வைல்டோடு தம் வாழ்வைப் பற்றி அவர் பேசும் நான்கு நூல்கள் வெளிவந்தன. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இதைப் புரிந்துகொள்ள அந்தக் கடிதம் போன வழியை அறிய வேண்டும்.

விடுதலையான மறுநாளே டியெப் நகரில் வைல்ட் அதை நண்பர் ராபர்ட் ராஸிடம் கொடுத்தார். படியெடுத்துக்கொண்டு மூலத்தை டக்ளஸுக்கு அனுப்புவதே ஏற்பாடு. ராஸ் மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தட்டச்சுப் பிரதி ஒன்றை அனுப்பியதாக ராஸ் சொன்னார். அப்படி எதுவும் தமக்கு வரவில்லை என்றார் டக்ளஸ். வைல்ட் 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் இறந்தார். 1905-இல் ராஸ் டக்ளஸைப் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டு ‘டி ப்ரொஃபண்டிஸ்’ எனத் தாமே தலைப்பிட்டு வெளியிட்டார். 1909-இல் மூலத்தைப் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஐம்பது ஆண்டுகள் திறக்கக்கூடாதென்ற நிபந்தனையோடு ஒப்படைத்தார். பிறகு, இளம் எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் 1912-இல் எழுதிய வைல்ட் பற்றிய நூல் தம்மைப் பெயர் சொல்லாமல் பழிக்கிறது என்று டக்ளஸ் வழக்குத் தொடுத்தார். 1913-இல் அந்த வழக்கில் எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தின் மறைக்கப்பட்ட பகுதிகளை நீதிமன்றத்தில் படித்தது. தமக்கென எழுதப்பட்ட சொற்களை, எழுதியவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஊரார் முன்னிலையில் ஒரு வழக்கறிஞரின் குரலில் டக்ளஸ் எதிர்கொண்டார். வழக்கும் தோற்றது. வைல்டை எட்டு முழத்துக்கு இழித்துரைக்கும் 1914-ஆம் ஆண்டு நூல் அந்தக் காயத்தின் சூட்டில் வந்தது. அதில் பெரும்பகுதியை எழுதியது கிராஸ்லாண்ட் என்ற வேறொருவர் என்று பின்னாளில் டக்ளஸே சொன்னார். வாழ்வில் மிக முக்கியமான பதிலைக்கூட அவர் தம் கையால் எழுதவில்லை.

காலம் வேறொரு பாடம் வைத்திருந்தது. வின்ஸ்டன் சர்ச்சிலை அவதூறு செய்ததற்காக 1923-இல் டக்ளஸுக்கு ஆறு மாதச் சிறை. அங்கே அவர் ஒரு சானெட் தொடர் எழுதினார். வைல்டின் நூல் ‘ஆழங்களிலிருந்து’ என்றால், இதற்கு அவர் வைத்த பெயர் ‘உன்னதங்களில்’. வைல்டுக்குத் தம் தாள்களோடு வெளியேற முடிந்தது; டக்ளஸின் கைப்பிரதியை அதிகாரிகள் தர மறுத்தார்கள். வெளியே வந்து நினைவிலிருந்தே முழுவதையும் மீண்டும் எழுதினார். சிறையின் படுக்கையும் உணவும் என்னவென்று உடம்பால் அறிந்தபின் வைல்ட் மீதான கசப்பு கரையத் தொடங்கியது. 1929-இன் சுயசரிதையில் முந்தைய நூலைக் கைவிட்டார். 1940-இன் நூலில் கனிவே மேலோங்கியிருக்கிறது.

இதற்குப் பிறகு கடிதத்துக்குத் திரும்பினால், வைல்டும் ஒரே வைல்ட் அல்லர் என்பது தெரியும். மார்ச் மாதம் அத்தனை குற்றம் சாட்டியவர், அதே 1897 ஆகஸ்டு முடிவில், உன்னோடு இருந்தால்தான் இனி நல்ல எழுத்து பிறக்கும் என்ற பொருளில் டக்ளஸுக்கே எழுதுகிறார். அந்த இலையுதிர்காலத்தில் இருவரும் நேப்பிள்ஸ் அருகே ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். வைல்டின் மனைவியும் டக்ளஸின் தாயும் பணத்தை நிறுத்த, ஆண்டு முடிவதற்குள் பிரிந்தார்கள். பணம் தீர்ந்ததும் கைவிட்டுப் போனான் என்று 1898-இல் ராஸுக்கு வைல்ட் எழுதினார். பிரிவு தம்மீது திணிக்கப்பட்டது, தாயிடமிருந்து வைல்டுக்கு இருநூறு பவுன் பெற்றுத் தந்தோம் என்பது டக்ளஸின் கூற்று. ஒரே வீடு, ஒரே மூன்று மாதங்கள், இரண்டு வரலாறுகள்.

யார் சொல்வது உண்மை என்று எங்கள் வட்டத்தில் பலமுறை சண்டையிட்டிருக்கிறோம். இன்று எங்களுக்கு உறுத்துவது வேறு. நாங்கள் வைல்டை நம்பியதற்குக் காரணம் சான்றுகள் அல்ல, அவருடைய உரைநடை. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு நீதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். ஏதோ ஒரு நாளின் வலியில் எழுதியதை ஆயுள் முழுமைக்குமான தீர்ப்பாகப் படித்தோம். அதை எழுதியவரே ஐந்து மாதங்களில் அந்தத் தீர்ப்பைக் கடந்து போனார் என்பதைக் கவனிக்கவில்லை. டக்ளஸை நல்லவராக்க இதைச் சொல்லவில்லை. 1918-இல் ஒரு வழக்கில் சாட்சி சொன்னபோதுகூட இறந்துபோன நண்பரை அவர் மிகக் கடுமையாகத் தூற்றினார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒரு காதலின் கதையை முடித்து வைக்கும் உரிமை, அதில் சிறப்பாக எழுதியவருக்கு மட்டும் உண்டா?

டக்ளஸ் 1945 மார்ச்சில் இறந்தார். மூலத்தைப் பார்த்துத் திருத்திய சரியான பாடம் 1962-இல்தான் வந்தது. கடிதத்துக்கு உரியவர் அதை அச்சில் காணவே இல்லை. கிராலி என்ற ஊரில் தாயின் அருகே அவர் அடக்கமாகியிருக்கிறார். கடிதத்தைக் காத்து வைத்த ராஸின் சாம்பலை 1950-இல் பாரிஸில் வைல்டின் கல்லறையிலேயே வைத்தார்கள்.

எங்களிடம் அந்த மெல்லிய பதிப்பு இன்னும் இருக்கிறது. இப்போது யாருக்காவது இரவல் தரும்போது, 1929-இன் சுயசரிதையையும் சேர்த்தே தருகிறோம்.