சின்னண்ணன் ஆன மில் வீட்டுப் பிள்ளை

இயேசு சீடர்களை அழைத்த கதைகள் எல்லாம் மிகச் சின்னவை. பேதுருவும் அந்திரேயாவும் வலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மத்தேயு வரி வசூலித்துக் கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து போனார். அன்றைய கணக்கை முடித்தாரா என்று கூட பைபிளில் இல்லை! ஒரு பணக்கார வாலிபன் மட்டும் முகம் வாடித் திரும்பிப் போய்விட்டான். அவனுக்குச் சொத்து நிறைய இருந்தது.

அந்த வாலிபன் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்? அதற்கு ஒரு பதில் சேலத்துக்கு வடக்கே, திருப்பத்தூரில் இருக்கிறது.

எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் மில் நடத்திய குடும்பம். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை என்றால் எப்படி என்று கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் படித்தது டாக்டருக்கு. லண்டனில் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டரோடு நட்பானார். இருவரும் சேர்ந்து 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் கூட நம்மூர்க் கோயில் அமைப்பில்தான் இருக்கிறது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேட்டன் ஸ்காட்லாந்திலேயே இருந்துகொண்டு மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கலாம். ஆஸ்பத்திரி ஓடியிருக்கும், கல்வெட்டில் பெயரும் வந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அழைப்பு "பணம் அனுப்பு" என்று வரவில்லையே, "வா" என்றுதானே வந்தது!

வந்தவர் எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். ஆசிரமத்தில் ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர்கள் நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அப்போது ஒரு வெள்ளைக்காரர், அதுவும் பணக்காரர், ஒரு தமிழருக்குத் தம்பி ஸ்தானத்தில் சந்தோஷமாக இருந்தார். பணத்தைக் கொடுப்பதை விட அந்த முதல் நாற்காலியைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1932ல் சென்னையில், சட்டமறுப்பு இயக்கம் சூடாக இருந்த நேரம், கதர் உடையில் இருந்த பேட்டனைப் போலீஸார் அடித்தார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அது பெரிதானது. அதற்குப் பிறகும் அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை. திருப்பத்தூரிலேயே சின்னண்ணனாக இருந்தார்.

சீடனாவது என்றால் வேலையை விட வேண்டும், வீட்டை விட வேண்டும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். எல்லோருக்கும் அப்படி அழைப்பு வருவதில்லை. ஆனால் முதல் இடத்தை விட்டுக்கொடு என்ற அழைப்பு எல்லோருக்கும் தினமும் வருகிறது... வீட்டில், காலேஜில், சர்ச்சில்.

கோவையில் பஸ் கண்டக்டர் முதல் பேக்கரிக்காரர் வரை எல்லோரையும் "ஏனுங்ண்ணா" என்றுதான் கூப்பிடுகிறோம். கேட்கவே இனிமையாக இருக்கிறது. அப்படிக் கூப்பிட்டவரை உண்மையிலேயே அண்ணனாக மேலே உட்கார வைத்து, நாம் கீழே உட்கார முடியுமா? மில் வீட்டுப் பிள்ளைக்கு அது முடிந்தது.