பட்டியலில் முதல் இடம்

பழைய தொலைபேசிக் கையேட்டை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல் பருமனில், வீட்டுக் கூடத்து முக்காலியின்மேல் அது கிடக்கும். பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் அச்சிடப்பட்டிருந்தமையால், வணிகருள் சிலர் தம் கடைப் பெயரின் முன்னே ஓர் ‘ஏ’ எழுத்தையோ இரண்டு ‘ஏ’ எழுத்துகளையோ சேர்த்துக்கொண்டனர். தேடுபவர் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதே நோக்கம். பொருள் நல்லதா, வேலை நேர்த்தியா என்பன பின்னர் எழும் கேள்விகள். பெயர் மேலே நிற்கிறதா என்பதே முதற் கேள்வி.

அக்கையேடு வழக்கொழிந்தது, அந்த ஆசை ஒழியவில்லை. எங்கள் ஆழ்வார்பேட்டையில், முன்னாளில் மௌப்ரே சாலை என வழங்கிய டி.டி.கே. சாலையின் இருமருங்கிலும் மருத்துவர், வழக்கறிஞர், பாட்டு ஆசிரியர், தையற்காரர் எனப் பலரின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஆனால் இன்று அவற்றை அண்ணாந்து பார்த்து நடப்போர் எத்தனை பேர்? பல் வலித்தால் கைபேசியை எடுத்து, “அருகில் பல் மருத்துவர்” என்று கேட்கிறோம். மேலே வரும் இரண்டு மூன்று பெயர்களைத் தாண்டி நம் விரல் கீழே இறங்குவது அரிது. பத்தாவது இடத்தில் நிற்பவர் எத்துணைத் திறமையுடையவராயினும், அவர் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இப்படி மேலிடம் பிடிப்பதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்துள்ளது. தேடுபொறி உகப்பாக்கம் என்று தமிழிலும், எஸ்.இ.ஓ. என்று பேச்சு வழக்கிலும் அதனைக் குறிப்பிடுவர். குடும்பப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று நினைக்க வேண்டாம். நம் குடும்பங்களில் சிலர் விற்கிறார்கள், எல்லாரும் வாங்குகிறோம். ஆகவே இப்பட்டியல் எவ்வாறு தயாராகிறது என்பதை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

தேடுபொறி செய்யும் வேலைகள் மூன்று. முதலாவது, இணையத்திலுள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகச் சென்று படித்தல். இரண்டாவது, நூலின் இறுதியில் சொல்லடைவு அமைப்பதுபோல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்துவைத்தல். மூன்றாவது, நாம் கேட்கும்போது அவற்றை வரிசைப்படுத்திக் காட்டுதல். இந்த மூன்றாவது வேலையில்தான் சிக்கல் அனைத்தும் அடங்கியுள்ளது.

1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர்கள் இதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டனர். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற அறிஞர் எத்துணைப் பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பது அதன் மதிப்புக்கு அடையாளமன்றோ? அதுபோலவே, ஓர் இணையப் பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுபவை எத்துணை மதிப்புடையன என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தலாம் என்றனர். அவ்வாண்டிலேயே அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் கூகுள்.

நற்சான்று விலைபெறத் தொடங்கியதும், அதனைப் பொய்யாக உண்டாக்குவோரும் தோன்றினர். ஒருவரையொருவர் சுட்டுவதற்கென்றே ஆயிரக்கணக்கான வெற்றுப் பக்கங்கள் எழுந்தன. சுட்டுகள் விலைக்கு விற்கப்பட்டன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால், மனிதக் கண்ணுக்குப் புலப்படாமல் எந்திரத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, ஒரே சொல்லை நூறுமுறை எழுதி வைத்தனர். இவற்றை அடக்க, 2011-இல் ‘பாண்டா’ என்றும் 2012-இல் ‘பெங்குவின்’ என்றும் பெயரிட்ட திருத்தங்களைக் கூகுள் தன் கணக்கில் புகுத்தியது. குறுக்கு வழியில் ஏறிய தளங்கள் பல ஒரே இரவில் சரிந்தன.

மேலே வருவதற்கு வேறொரு வழியும் உண்டு, அது விளம்பரம். 2000-ஆம் ஆண்டு கூகுள் தொடங்கிய இம்முறையில் சொற்களே ஏலம் விடப்படுகின்றன. ‘தங்க நகை’ என்று ஒருவர் தேடினால் தம் விளம்பரம் தோன்றவேண்டும் என விரும்பும் வணிகர், ஒவ்வொரு சொடுக்குக்கும் இவ்வளவு தருவேன் என்று விலை கூறுகிறார். விலையோடு விளம்பரத்தின் தரமும் பொருத்தமும் கணக்கில் சேர்க்கப்பட்டு இடம் ஒதுக்கப்படுகிறது. அத்தகைய இடத்தின் தலையில் ‘ஸ்பான்ஸர்டு’ என்னும் சிறு குறிப்பு இருக்கும். அதனைக் கவனியாமல், மேலே இருப்பதே மேலானது என்று எண்ணிவிடுவோர் நம்மிடையே மிகப் பலர்.

இந்தச் சொல் வாணிபம் நம் சென்னையிலேயே நீதிமன்றப் படியேறியது. அதுவும் நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஒரு காரியத்தில்: பெண் பார்த்தல், மாப்பிள்ளை பார்த்தல்.

சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், 1997-இல் தமிழர்களுக்கென ஓர் இணையதளம் அமைத்தார். அதன் ஒரு மூலையில் இடம்பெற்ற திருமணப் பகுதியே மக்களை மிகவும் ஈர்த்தது. அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. ஒருவர் தேடுபொறியில் அத்தளத்தின் பெயரையே எழுதினாலும், போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் பக்கத்தில் வந்து நின்றன. எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் வாசலுக்கு வருபவரை அடுத்த கடைக்காரர் கைப்பிடித்து இழுக்கிறார், அதற்குக் கூகுள் காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிறது என்பது அவர்களது முறையீட்டின் சாரம். அந்நாளில் கன்சிம் இன்ஃபோ என்று பெயர் கொண்டிருந்த அந்நிறுவனம், கூகுள்மீதும் போட்டியாளர்மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் அளித்த உத்தரவில், கோரப்பட்ட இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. ‘பாரத்’, ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை அனைவரும் வழங்கும் பொதுச் சொற்கள், தொழிலை வருணிப்பவை. அவற்றை ஒருவரே தமதாக்கிப் பிறரைத் தடுக்க இயலாது என்பது அதன் அடிப்படை. பின்னர் 2023 ஆகஸ்டில், வேறொரு வழக்கில், தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மேலும் தெளிவு தந்தது. பிறரது வணிகப் பெயரை ஏலத்தில் எடுப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் அதனால் மக்கள் ஒன்றை மற்றொன்றென மயங்கினால் அது தவறாகும். தான் வெறும் பார்வையாளன் என்று கூகுள் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது என்று அது கூறியது.

இதற்கிடையில், அதே சென்னை நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டிருந்தன. ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சொல் ஏலத்தில் குற்றம் காணவில்லை. முடிவுகளை வரிசைப்படுத்துவதில் சில இடங்களில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சலுகை காட்டியது என்பதே அது கண்ட குறை. கூகுள் மேல்முறையீடு செய்தது. பட்டியல் எழுதுபவரே பட்டியலில் போட்டியாளராகவும் நின்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வியை, நம் ஊரார் தொடுத்த இம்முறையீடு நாட்டின்முன் வைத்தது.

நிற்க. பெரிய நிறுவனங்களுக்கு வழக்குரைஞர் உண்டு. சிறியோருக்கு யார் உண்டு?

எங்கள் பங்கில் ஒரு தாய், கணவரை இழந்தவர், வீட்டிலேயே அச்சுமுறுக்கும் அதிரசமும் கலகலாவும் செய்து விற்று இரு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். உறவினர் பையன் ஒருவன் அவருக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தான். சில நாட்களில், விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் வந்து ஓர் ஒப்பந்தத் தாளை நீட்டினர். மாதம் இருபத்தையாயிரம் ரூபாய், ஆறு மாதம், முப்பதே நாளில் கூகுளில் முதல் இடம் உறுதி! இரண்டு வளையல்களை அடகு வைக்கத் துணிந்த அந்த அம்மையார், அதற்குமுன் தாளை என்னிடம் கொண்டுவந்தார்.

“ஃபாதர், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் இடம் என்று எழுத்திலேயே கொடுக்கிறார்களே!”

தாளை இருமுறை படித்தேன். முதல் இடத்திற்கு எவரும் உறுதி தர இயலாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. நேர்மையாகச் செய்யப்படும் திருத்தங்களும் பலன்தரப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அங்கே காணலாம். இதனை அவருக்கு எடுத்துரைத்தேன். தாளின் கீழ்ப்பகுதியில் இன்னொரு வரியும் இருந்தது: முதல் மாதத்தில் ஐம்பது ‘நட்சத்திர விமர்சனங்கள்’ சேர்த்துத் தரப்படும்.

“அம்மா, இந்த ஐம்பது பேரும் உங்கள் பலகாரத்தை உண்டவர்களா?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “உண்ணாதவர் சொல்லும் பாராட்டுக்கு நான் எப்படி ஃபாதர் காசு கொடுப்பேன்?” என்றார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வளையல்கள் அவர் கையிலேயே தங்கின.

அவர் பின்னர் செய்தவை எளியவை. வாசகர் பலருக்கும் பயன்படுவன. கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை, அதனைச் செய்தார். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றுமே முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன. ஆகவே ‘சிறந்த இனிப்பு’ என்ற பொதுச்சொல்லை விட்டு, ‘ஆழ்வார்பேட்டை அச்சுமுறுக்கு’, ‘கிறிஸ்துமஸ் கலகலா’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். தம் கையால் செய்த பண்டத்தின் படம், விலை, எத்தனை நாள் முன்னே சொல்லவேண்டும் என்ற விவரம், சரியான தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தார். வாங்கி உண்டவர்களிடம் மட்டும், விருப்பமிருந்தால் இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டார். குறையெழுதிய ஒருவருக்கு, “அடுத்த முறை வெல்லத்தைக் குறைக்கிறேன்” என்று மறுமொழி எழுதினார். பெருங்கடைகளைத் தாண்டி முதலிடத்துக்கு அவர் சென்றுவிடவில்லை. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில், அதுவரை அவரை அறியாத மந்தைவெளி, அபிராமபுரம் வீடுகளிலிருந்தும் அழைப்பு வந்தது.

இதனால் இத்தொழில் முழுவதும் ஏமாற்று என்று கொள்ளலாகாது. தளத்தை விரைவாகத் திறக்கும்படி அமைத்தல், கைபேசியில் தெளிவாகத் தெரியச் செய்தல், தேடுபவர் வழங்கும் சொற்களிலேயே விவரம் எழுதுதல் ஆகியவை நேர்மையான உழைப்பு. நம் இளைஞர் பலர் இவ்வேலையில் இருக்கிறார்கள். திறமைக்குக் கூலி பெறுவது அவர்கள் உரிமை. உள்ள சரக்கை வெளிச்சத்தில் வைப்பது தொழில். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டுவது பொய்.

நாட்டின் சட்டமும் இதனை உணரத் தொடங்கியுள்ளது. இணைய விமர்சனங்கள் உண்மையாயிருக்க வேண்டிய முறையை, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரக்குறிப்பாக வெளியிட்டது. விளம்பரத்தை விளம்பரமென்று காட்டாமல் செய்திபோல் மறைத்து வைப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சட்டம் வந்து காவல் நிற்க முடியுமா?

ஆகவே தேடுவோராகிய நமக்கும் சில பொறுப்புகள் உண்டு. ‘ஸ்பான்ஸர்டு’ என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். இருப்பின் அது விலைகொடுத்து வாங்கிய இடம் என்று அறிந்து நுழையுங்கள். வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். போலி எண்களை மேலே வரச்செய்து பணம் பறிப்போர் உள்ளனர். பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வரன் தேடும் பெற்றோர், மேலே வந்த பெயர் என்பதற்காக எதனையும் நம்பாமல், நேரில் சென்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சாட்சி சொல்லும் பொறுப்பு ஒன்று உண்டு. உறவினர் கடை என்பதற்காக உண்ணாத உணவுக்கு ஐந்து நட்சத்திரம் இடுவதும், கோபத்தில் காணாத குறையை எழுதுவதும் பொய்ச் சாட்சியே. மாறாக, உங்கள் தெருவில் ஒழுங்காகத் தைத்துத் தரும் தையற்காரரைப் பற்றியோ, அளவு குறைக்காத மளிகைக்காரரைப் பற்றியோ உண்மையாக இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். அவருக்கு விளம்பரத்துக்குக் கொடுக்கக் காசில்லை. உங்கள் இரண்டு வரி அவரைப் பட்டியலில் ஒரு படியாவது மேலேற்றக்கூடும். அவர் வீட்டில் அன்று ஒரு வேளை அடுப்பு கூடுதலாக எரியும்.