ஆளுக்கு எத்தனை குடம்

2019 ஜூன் 9, ஞாயிறு

மாடித் தொட்டிக்கு இனி தண்ணீர் ஏற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஏற்றவும் வழியில்லை, போர்வெல் வெறும் காற்றைத்தான் தள்ளுகிறது. சென்னைக்கு வெளியே இருக்கும் எங்கள் கிராமத்தில் இனி தெருக் குழாயில் பஞ்சாயத்துத் தண்ணீர் வரும்போது பிடித்துவைப்பது, போதாததற்கு நாலு வீடு சேர்ந்து டேங்கருக்குச் சொல்லிவைப்பது. இதற்குள் ஐந்து பேரும் சமைத்து, குளித்து, துவைத்து, கழிப்பறைக்கும் ஊற்றியாக வேண்டும்.

"குழாயைத் திறந்து பொழங்குறவங்களுக்குக் கணக்கு தெரியாதும்மா. அவங்கவங்க தண்ணிய அவங்கவங்களே தூக்கட்டும்" என்றார் அத்தை. அதையே வீட்டுச் சட்டமாக்கிவிட்டேன். குளிக்கிற தண்ணீரை அவரவர்தான் தெருவிலிருந்து கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரருக்கும் இதில் விலக்கு கிடையாது.

ஜூன் 12

யாரும் சொல்லாமலே மகனின் குளியல் ஒரு வாளிக்குள் வந்துவிட்டது. தூக்கிப் பார்த்த கைக்கு அளவு தானாகத் தெரிகிறது. இத்தனை வருடமாக இந்தக் கணக்கு வீட்டுப் பெண்களின் இடுப்பில் மட்டும் இருந்தது.

அத்தை பாத்திரம் தேய்ப்பதை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுகிறார். தேங்காய் நாரும் சாம்பலும்தான். சோப்பு நுரை என்றால் அதைப் போக்கவே தனியாகத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் மூன்று அண்டா. முதலாவதில் முக்கி எடுப்பது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் ஒரே ஒரு முங்கு. முதல் அண்டாத் தண்ணீர் அழுக்கானதும் வாழைக்குப் போகிறது; இரண்டாவது அந்த இடத்துக்கு நகர்கிறது; மூன்றாவது இரண்டாவதாகிறது; புதுத் தண்ணீர் கடைசி அண்டாவுக்கு மட்டும். ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரம் ஒன்றரைக் குடத்தில் முடிந்தது. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் மூன்று நாலு நிமிடத்துக்கே அந்த அளவு காணாது.

துணிக்கும் இதே முறைதான். கடைசியாக அலசிய தண்ணீர் மறுநாள் துணி ஊறவைக்க, ஊறவைத்தது கழிப்பறைக்கு. வாஷிங் மெஷினுக்கு ஓய்வு. ஆர்.ஓ. மெஷினைத்தான் மனசு ஏற்கவில்லை. ஒரு குடம் குடிதண்ணீர் தருவதற்கு ஏறக்குறைய மூன்று குடத்தை வெளியே தள்ளுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்திருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போன மாதம்தான் சொன்னது. எங்கள் தண்ணீர் உப்புதான், அதனால் நிறுத்த முடியவில்லை. கழிவுக் குழாயை வாளிக்குள் விட்டிருக்கிறேன். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும், செடிக்கு ஆகாது.

ஜூன் 16, ஞாயிறு

பூந்தமல்லிக்குப் போனபோது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறிப் பார்த்தோம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று படித்து வளர்ந்த ஏரி. உள்ளே மாடு மேய்கிறது. கரையோரத்து மண் பாளம் பாளமாக வெடித்து, பிளவுக்குள் என் கை முழங்கைவரை போகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி இதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாற்றங்கரை முழுக்க மூழ்கியது. நாலு வருடம்கூட ஆகவில்லை. போன வடகிழக்குப் பருவமழை சென்னையில் பாதிக்கும் மேல் குறைந்துபோனது உண்மைதான். ஆனால் வந்த மழையைத் தங்கவைக்க இடம் விட்டோமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்துவிட்டன. சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக்கூட சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஜூன் 18

இன்று முழுக்க ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடியது. நம் நாட்டு அரசு அளவுகோலில் நகரத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். கிராமத்து ஆளுக்கு வெகுகாலமாக 40 லிட்டர். எங்கள் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் நகரத்தில் ஒருவருக்கு ஒன்பது குடம், கிராமத்தில் மூன்றுகூட இல்லை. ஏரிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு மூன்று குடம், அந்த ஏரித் தண்ணீரைக் குழாயில் வாங்குபவர்களுக்கு ஒன்பது. யார் வயிற்றுத் தாகத்தை அளந்து இப்படி எழுதினார்கள்?

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். வயல்வெளிக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பொருமினார். "நாம இங்க அரிசி கழுவுன தண்ணியக்கூட கீழ ஊத்தாம வெச்சிருக்கோம். மிச்சம் பண்ணதெல்லாம் எங்க போவுது பாரு, ரோட்டு மேல சொட்டிக்கினே போவுது." அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். நகரத்தில் தாகத்தோடு காத்திருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அங்கேயும் வண்ணக் குடங்களோடு வரிசையில் நிற்பது எங்களைப் போன்ற பெண்கள்தான். நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் தந்த சென்னைக் குடிநீர் வாரியம் இப்போது 52.5 கோடிதான் தர முடிகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப எங்கள் கிணறுகளை அளவே இல்லாமல் இறைப்பதுதான் தப்பு.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் போன வருடம் இதே நிலை வந்தபோது ஆளுக்கு 50 லிட்டர் என்று ஊர் முழுக்க ஒரே அளவு வைத்தார்கள். குழாய் அடியோடு நிற்கும் நாள் வராமல் தப்பித்தார்கள். எனக்கு அந்த 'ஒரே அளவு' என்பதுதான் பிடித்திருக்கிறது. மூன்று குடமும் கொஞ்சமும். எங்கள் வீட்டில் அதற்குள் வாழ முடிகிறது. ஒன்பது குடக்காரர்களாலும் முடியும்.

ஜூன் 20

சென்னையில் ஆறு மாதத்துக்கும் மேல் கழித்து மழை. இங்கே முற்றம் நனைந்ததோடு சரி. இருந்தாலும் தெருவே வாசலுக்கு வந்து நின்றது.

ஜூலை 12

ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் இன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஆவடி, அம்பத்தூர் தாண்டித்தான் போயிருக்கும். ஜோலார்பேட்டைக்காரர்களுக்கும் கோடைதானே! அவர்களும் மனசு வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

நெடுஞ்சாலை முழுக்க அத்திவரதரைப் பார்க்கக் காஞ்சிபுரம் போகும் கூட்டம். அத்தை 1979-இல் பார்த்தவர். நாற்பது வருடம் குளத்துக்குள் இருந்தவரையே வெளியே பார்க்கிறோம், மழையும் வரும் என்கிறார். வரட்டும். அதற்குள் குழி தயாராக இருக்க வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழியை இன்று மகனும் அவன் அப்பாவும் தோண்டினார்கள். ஜல்லியே தெரியவில்லை, மேலே ஒரு முழத்துக்கு வண்டல். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயும் பாதியில் உடைந்து, தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும்படி திரும்பியிருந்தது. ஜல்லியைக் கழுவ அத்தையின் முதல் அண்டாத் தண்ணீரே போதுமாயிற்று.

ஆகஸ்ட் 14

நாளை சுதந்திர தினக் கிராம சபை. 2016-லிருந்து உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் பஞ்சாயத்துக்குத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? இந்த ஊரில் கிராம சபைக்கு ஒரு மரியாதை உண்டு. 1996-லிருந்து பத்து வருடம் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமி, பக்கத்துத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கல்லை வைத்துக் கழிவுநீர்க் கால்வாய் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். அப்போது ஜனம் திரண்டு கிராம சபையில் அவர் பக்கம் நின்றது. அவர் மறுபடி பதவிக்கு வந்தார்.

கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிவிட்டேன். நிலத்தடி நீரை எடுக்கவும் லாரியில் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்று சென்னைக்கும் சுற்றியுள்ள பல கிராமங்களுக்கும் 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கிருந்து ஏற்றும் லாரிகளில் எதற்கு உரிமம் இருக்கிறது என்று சபையில் வாசிக்க வேண்டும். பருவமழைக்கு முன்னால் வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் மழைநீர்க் குழி சுத்தமாக வேண்டும். தெருக் குழாய் வரும் நேரத்தை முன்கூட்டியே எழுதிப்போட வேண்டும், கூலிக்குப் போகும் பெண்கள் அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விடக் கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்து என்று நானும் அக்காவும் பேசி வைத்திருக்கிறோம். அத்தையும் வருகிறேன் என்கிறார்.