பக்கத்தில் இருப்பவர் பார்க்கும் கத்தி

கூரியர் பெட்டியின் ஒட்டுநாடா, அரிசிப் பையின் தையல் நூல், புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கேபிளை இறுக்கிக் கட்டிய நெகிழி நாடா, ரயிலில் வாங்கிய கொய்யா. நகரத்தில் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் ஒரு வாரத்தில் எதையெல்லாம் வெட்டுகிறார் என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் அநேகமாக இங்கேயே முடிந்துவிடும். இவற்றில் எதற்கும் விரல் நீள அலகுக்கு மேல் தேவையில்லை. பல்லால் கடித்தும் வண்டிச் சாவியால் கிழித்தும் காரியத்தை முடித்துக்கொள்கிறவர்களே அதிகம். பல் மருத்துவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது.

அப்படியிருக்க, சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி கிடக்கட்டும் என்று முடிவுசெய்து இணையக் கடைகளைத் திறப்பவருக்குக் காத்திருப்பது வேறொரு உலகம். அங்கே எல்லாக் கத்தியும் கறுப்பு. கைப்பிடி ராணுவப் பச்சை, பின்னணியில் காடு, கையில் உறை. எஃகின் பெயர்கள் மாத்திரைப் பெயர்களைப் போல எழுத்தும் எண்ணுமாக வருகின்றன: டி2, எஸ்30வி, 154சிஎம். கடினத்தன்மையை ராக்வெல் அளவில் 58, 60, 62 என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். கரடியோடு மல்லுக்கட்டப் போகிறவருக்கு எழுதிய விளம்பரத்தைக் கொய்யா நறுக்கப் போகிறவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

எஃகு முக்கியமில்லை என்பதல்ல. கடினமான எஃகு கூரை நெடுநாள் தாங்கும், உண்மைதான். ஆனால் அது மழுங்கிய பிறகு வீட்டிலிருக்கும் சாதாரணக் கல்லில் தேய்த்துக் கூராக்குவது பெரும்பாடு. சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்திகளைச் செய்யும் விக்டோரினாக்ஸ் தன் கத்திகளுக்கு வைத்திருக்கும் கடினத்தன்மை சுமார் 56தான். விளம்பரக் கணக்கில் அது தோற்றுப்போன எண். சமையலறை மேடையில் ஐந்து நிமிடம் கல்லில் இழுத்தால் பதம் திரும்பிவிடும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. அன்றாடக் கத்திக்கு எஃகைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: அதைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு அதிகம் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்ன கத்தி ஒன்று பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்தது. கோடரியும் அரிவாளும் அடிக்கும் குடும்பத்தில் வந்த ஜோசப் ஒப்பினெல், 1890இல் உழவர்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடியில் ஒரு பிளவு, அதில் ஓர் அலகு, குறுக்கே ஓர் ஆணி, வாயில் ஓர் உலோகப் பூண். அவ்வளவுதான். 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்டு வரிசையாக்கினார். 1 மிகச் சிறியதாகவும், 11 தனக்கு முன்பின் உள்ளவற்றிலிருந்து அதிகம் வேறுபடாததாகவும் இருந்ததால் இரண்டும் பிறகு கைவிடப்பட்டன. 8ஆம் எண், எட்டரை செ.மீ. அலகோடு, உலகமெங்கும் போயிற்று. 1955இல் மார்செல் ஒப்பினெல் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் விற்கும் பொருளில் நடந்த பெரிய திருத்தம் இதுதான்.

ஒப்பினெல்லைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகக்குழியில் நகத்தை வைத்து அலகை இழுத்து, பிறகு வளையத்தைத் திருப்ப வேண்டும். ‘சடக்’ என்று எந்த ஓசையும் எழாது. பீச் மரப்பிடி பென்சில் நிறத்தில் இருக்கும். பூங்காவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்குகிறவர் கையில் இதைக் கண்டு யாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளுவதில்லை.

குறைகளும் உண்டு, அவை நம் ஊர்க் காற்றில் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஈரத்தில் மரம் உப்பும். உப்பினால் பிளவு இறுகி அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் வால்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முதுகு சற்றே எழும்பி நிற்கும், அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். சவோய்க்காரர்கள் பேரில் வழங்கும் பழைய வித்தை இது. சென்னையிலும் கொழும்பிலும் கத்தி வைத்திருப்பவர் மழைக்காலம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க நேரும். மற்றது எஃகு. ஒப்பினெல் இரண்டு வகையில் கிடைக்கிறது: கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு. முன்னது கூர் ஏறுவதில் கில்லாடி, ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ பட்டால் கறுக்கும். வாழைப்பூ ஆய்ந்த பழைய இரும்பு அரிவாள்மனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. துடைக்காமல் வியர்த்த சட்டைப்பையில் போட்டால் கறுப்பு துருவாகும். கடலோரத்தில் இருப்பவர் ஆசையை அடக்கிக்கொண்டு துருப்பிடிக்காததையே வாங்குவது நல்லது.

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியின் கதை பலருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும், தெரியாத இடம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. அந்த நாட்டு ராணுவம் வீரர்களுக்குக் கத்தி கொடுக்க நினைத்ததற்குக் காரணம் சண்டை அல்ல. 1889இல் வந்த புதுத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி தேவைப்பட்டது. தகர டப்பாவில் வந்த உணவைத் திறக்க ஒரு திறப்பான் தேவைப்பட்டது. அலகும் துளையிடும் ஊசியும் கூடச் சேர்ந்தன. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்டது, ஏனென்றால் அவ்வளவு எண்ணிக்கையைச் செய்ய சுவிட்சர்லாந்தில் ஆளில்லை. ஷ்விஸ் மாநிலத்து இபாக் ஊரில் 1884இல் பட்டறை திறந்திருந்த கார்ல் எல்சனர், 1891இல் தானும் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். ஜெர்மன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடனில் மூழ்கப் போனவரைக் காப்பாற்றியது 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தி. அதில் தக்கைத் திருகியும் இன்னொரு சிறு அலகும் இருந்தன. ராணுவம் அதைத் தன் செலவில் வாங்கித் தரவில்லை. அதிகாரிகள் கைக்காசு போட்டு வாங்கினார்கள். 1909இல் இறந்த தாய் விக்டோரியாவின் பெயரை எல்சனர் நிறுவனத்துக்கு வைத்தார், துருப்பிடிக்காத எஃகு வந்தபின் 1921இல் அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ அதோடு ஒட்டிக்கொண்டது.

ராணுவத்துக்குப் பிறந்த கத்தியைக் கண்டு யாருக்கும் பயம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. அதற்கு அந்தச் சிவப்பு நிறத்துக்கும், பல்குத்திக்கும், சாமணத்துக்கும் பெரும் பங்கு இருக்கிறது. ஊசியோடும் கத்தரிக்கோலோடும் வரும் பொருளை ஆயுதம் என்று நினைக்க மனசு ஒப்பாது. 1995 நவம்பரில் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டும் சகாக்களும் ரஷ்யாவின் மிர் நிலையத்துக்குள் நுழையப் போனபோது, கதவு பட்டைகளால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவர் சுவிஸ் கத்தியை எடுத்து அறுத்துத் திறந்தார். விண்வெளியில்கூட அது பார்சல் பிரிக்கும் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு நேரெதிரான கதை ராம்பூருடையது. உத்தரப்பிரதேசத்தின் அந்த நவாபு நகரத்துக் கைவினைஞர்கள் செய்த மடக்குக் கத்தி, வேலைப்பாட்டில் எதற்கும் இளைத்ததல்ல. பித்தளைப் பிடி, ஒடுங்கி நீண்ட அலகு, பல்சக்கர அமைப்பு. திறக்கும்போது ‘கர்ர்... கட்’ என்று பல் பல்லாகக் கேட்கும் அந்த ஓசைதான் அதன் பெருமை, அதுவே அதன் கேடு. இந்தி சினிமா அந்த ஓசையை வில்லன்களுக்கு எழுதிக்கொடுத்தது. டெல்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, பொத்தான், சுருள்வில், பல்சக்கரம் ஆகியவற்றால் திறக்கும் கத்திகள் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் ஆயுதக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பிறகு 1990களில் உத்தரப்பிரதேசத்திலேயே நீளமான ராம்பூரிக்குத் தடை வந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023இல் ராம்பூரின் ஒரு சந்திப்பில் 20 அடி நீளத்தில் அதே கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். சட்டைப்பையில் இருக்க முடியாத கத்தி நாற்சந்தியில் நிற்கிறது.

ஜப்பானின் ஹிகோனோகாமி இன்னும் பாவம், ஏனென்றால் அது யாரையும் மிரட்டியதில்லை. மிகி நகரத்தில் 1890களில் உருவான இது, மடித்த தகட்டுப் பிடிக்குள் ஓர் அலகும், பெருவிரலால் அழுத்த ஒரு சிறு வாலும் மட்டுமே. பூட்டு கிடையாது, வாலை அழுத்தியிருக்கும் விரல்தான் பூட்டு. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் மூங்கில் பொம்மை செய்யவும் பையில் வைத்திருந்தார்கள். 1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவின் ஹிபியா அரங்கில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோ மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் வயது 17, ஆயுதம் ஒரு குறுவாள். பென்சில் கத்திக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இருந்தும், பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் இயந்திரம் பள்ளிக்குள் வந்தது, மிகியின் பட்டறைகள் அடங்கின. இன்று அந்தப் பெயரில் அங்கே செய்துகொண்டிருப்பது ஒரே ஒரு குடும்பப் பட்டறை.

ஆகவே வாங்குபவர் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய்த் தங்குகிறவர்கள் இன்னும் கவனமாக. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லத் தேவையின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத மடக்குக் கத்தி. மடக்குக் கத்தி என்றால் எந்த நேரமும் அப்படியே மடங்க வேண்டும், பூட்டிக்கொள்வது அந்தக் கணக்கில் சேராது என்று பிறகு நீதிமன்றம் விளக்கிவிட்டது. ஒப்பினெல் 8 நீளத்திலும் தோற்கிறது, பூட்டிலும் தோற்கிறது. சிறிய எண்களில் 5 வரை வளையப் பூட்டே இல்லை என்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. வழக்கமான சிவப்புக் கத்திகளும் அப்படியே. ஜெர்மனி 2008இல் வேறு பக்கமிருந்து வந்தது: ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுபோகக் கூடாது.

இந்த விதிகளைப் படிக்கும் கத்திப் பிரியர்களுக்கு ஆத்திரம் வரும். பூட்டு விரலைக் காப்பாற்றத்தானே இருக்கிறது? ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கும் மாலுமியும் மரமேறியும் மறு கையால்தானே திறக்க வேண்டும்? நியாயம்தான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981இல் அலகில் வட்டத் துளையும் பிடியில் கவ்வியும் வைத்து ஒரு கத்தி செய்தபோது யோசித்தது அந்த வேலைக்காரர்களைத்தான். ஆனால் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறவருக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. ஒரு நொடி தாமதமாகத் திறக்கும் கத்தியால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை, எதிரே இருப்பவருக்கு அந்த ஒரு நொடி பெரிய ஆறுதல்.

இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் பெயர்சொல்லிப் பிடிக்கின்றன, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் ஆனவற்றை விட்டுவிட்டு. மடக்குக் கத்திக்காரர் அதைப் படித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். அவரை நிறுத்துவது சட்டப் புத்தகம் அல்ல, வாசலில் நிற்கும் மெட்டல் டிடெக்டர். விமான நிலையம், நீதிமன்றம், கிரிக்கெட் மைதானம் என்று எல்லாவற்றிலும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. மேசைமேல் எடுத்து வைத்த கத்தி திரும்ப வராது. அதனால் தொலைந்தால் தூக்கம் கெடாத விலையில் வாங்குவதும், சாவிக்கொத்தில் மாட்டாமல் பையின் தனி அறையில் போடுவதும் புத்திசாலித்தனம். சாவியோடு மாட்டினால் இருப்பதே மறந்துபோகும், நினைவூட்டுவது எக்ஸ்ரே இயந்திரமாக இருக்கும்.

பையில் எதைப் போடுவது? இத்தனை பேசியபின் சொல்லாமல் விட முடியாது. 58 மி.மீ. நீளமுள்ள சின்ன விக்டோரினாக்ஸே பெரும்பாலோருக்குப் போதும். அதிலுள்ள கத்தரிக்கோல்தான் அலகைவிட அதிகம் உழைக்கும். சாப்பாட்டை நறுக்குகிறவர்களுக்கு 84 அல்லது 91 மி.மீ. அளவு, அல்லது துருப்பிடிக்காத ஒப்பினெல் 6. திறப்பான்களை எண்ணி வாங்க வேண்டாம். தடித்த கத்தி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்கலாம், ஆடினால் வேண்டாம். நகக்குழி உங்கள் நகத்துக்கு எட்டுகிறதா என்பதும் முக்கியம், சில கத்திகளில் அலகை அழுத்தும் வில் முரட்டுத்தனமாக இருக்கும்.

வேலைக்கான கத்தியை மடக்கிப் பிடிக்குள் வைப்பது தமிழருக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யோசனையும் அல்ல. ஓலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுதும் ஆணி, மறு முனையில் ஓலையை வாரி நறுக்கும் சிறு கத்தி. இரண்டும் நடுப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அதை இடுப்பில் வைத்திருந்த கணக்குப்பிள்ளையைக் கண்டு ஊரார் பயந்திருந்தால், அது கத்திக்காக இருந்திருக்காது.

2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் கத்தி கொண்டுபோக முடியாமல் போனதும், விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸின் விற்பனை கடுமையாகச் சரிந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை 6 செ.மீ.க்கு உட்பட்ட, பூட்டில்லாத சிறு கத்திகளை மீண்டும் அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்களும் விமானிகளும் எதிர்த்தார்கள், ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. வாசல்கள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்த எல்சனரின் வாரிசு, நான்காவது கார்ல் எல்சனர், 2024இல் ஒரு செய்தி சொன்னார்: அலகே இல்லாத சட்டைப்பைக் கருவிகளை நிறுவனம் உருவாக்கி வருகிறது, உதாரணமாக சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. வழக்கமான கத்திகளும் தொடரும் என்று நிறுவனம் விளக்கியிருக்கிறது. சைக்கிள்காரர் சங்கிலியை அதனால் சரிசெய்துகொள்ளலாம், பையிலிருக்கும் ஆப்பிளை மட்டும் கடித்துத் தின்ன வேண்டும்.