விசாரிக்காமல் சுமத்திய பழி

அத்தா விட்டுச் சென்றவற்றுள் எங்களுக்கு அன்றாடம் பயன்படுவது, 2003இல் அவர் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். எங்கள் வீடு சிதம்பரத்தில். அம்மாவுக்கு வாரம் இருமுறை கடலூரில் டயாலிசிஸ். இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவர்களால் பேருந்தில் உட்கார்ந்து வர இயலாது. ஆகவே அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரமன்று, மருத்துவத்தின் ஒரு பகுதி.

2018ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நண்பகல், ஆலப்பாக்கத்தை அடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அணைந்தது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பியது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் முறை அம்மா களைத்துப் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார்கள். சாலையோரப் புளியமரத்து நிழலில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, வியர்வையும் அச்சமுமாக நின்றேன். "அவசரப்படாதே, அல்லாஹ் இருக்கான்" என்றார்கள் அம்மா. நான் அவசரப்பட்டேன், வண்டி விஷயத்தில் அன்று, ஒரு மனிதர் விஷயத்தில்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் அந்தக் காருக்குக் கிளட்ச் மாற்றியிருந்தார். அவ்வேலைக்காகப் பேட்டரி வயரையும் கழற்றினார். இவ்வளவு போதாதா? ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் நின்றவர்களிடம், "கிளட்ச் மாற்றப் போய் வயரிங்கைக் கெடுத்துவிட்டார்" என்றேன். மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. "வண்டியக் கொண்டு வாங்க பாய், பாத்துடலாம்" என்று அவரே தொலைபேசியில் அழைத்தார். நான் போகவில்லை.

பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பற்றி அறிந்து அவரிடம் வண்டியை விட்டேன். அறுபதைக் கடந்த பெரியவர். ஸ்கேனரைச் செருகினார், பழுது எதுவும் பதிவாகியிருக்கவில்லை. பழுதைத் தானே கண்டு பதிந்துவைக்கும் பொதுவான ஏற்பாடு இந்தியக் கார்களில் கட்டாயமானது 2010க்குப் பிறகுதான். பழைய வண்டியிடம் எல்லாவற்றையும் அப்படிக் கேட்டறிய முடியாது. "ஈசிஎம் போயிடுச்சா?" என்றேன். கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த காலந்தொட்டு எஞ்சினை ஆள்வது அந்தப் பெட்டிதான் என்ற அளவுக்கு நானும் கேள்விப்பட்டிருந்தேன்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, பெட்டியக் கடைசியாத்தான் சந்தேகப்படணும். அதுக்கு வர்ற கரண்டு, எர்த்து, சென்சாரு எல்லாத்தையும் விசாரிச்சு முடிச்ச பொறவுதான் அது மேல கை வைக்கணும்."

எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றினார். முக்கால் மணி நேரத்தில் அது அணைந்தது. விசாரணை அப்போதுதான் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டிய எஞ்சின் விளக்கு எரியவில்லை. பெட்ரோல் பம்பு இரண்டு விநாடி எழுப்பும் முனகலும் இல்லை. பெட்டி விழிக்கவே இல்லை என்பதற்கு அது அடையாளம். உணவு போய்ச் சேராமல் அது உறங்குகிறதா, உணவு கிடைத்தும் உறங்குகிறதா என்பதே அடுத்த கேள்வி.

மல்டிமீட்டரை எடுத்தார். ஃபியூஸ் நலம். ரிலே வழியாகப் பெட்டியின் கனெக்டர் வரை 12 வோல்ட் வந்தது. எர்த் வயரிலும் இழப்பு இல்லை. கிளட்ச் வேலையின்போது கழற்றி மாட்டிய இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, "இவர் வேலை சுத்தமா இருக்கு" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

பெட்டியானது சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்ப வேண்டும். அது வரவில்லை. அப்போதும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் அந்த 5 வோல்ட்டை இழுத்து வீழ்த்திவிடுமாம். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி அளந்தார். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை. அதன்பின்னரே டேஷ்போர்டுக்குக் கீழே இடப்புறம் இருந்த பெட்டியைக் கழற்றித் திறந்தார்.

பலகையின் ஒரு மூலையில் பச்சை பூத்திருந்தது. பூதக்கண்ணாடி வழியே காட்டினார்: ஈயப் பற்று ஒன்றில் மயிரிழை விரிசல். சூடேறினால் விரிசல் அகன்று தொடர்பு அறுகிறது, ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. "வண்டி தண்ணியில நின்னுச்சா?" என்றார். 2015 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் நின்ற வெள்ளம் காருக்குள் புகுந்தது நினைவுக்கு வந்தது. காரை உலர்த்தினோம், விரிப்பை மாற்றினோம், மறந்தோம். அந்த ஈரம் மூன்று ஆண்டுகளாக மெல்ல அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிளட்ச் மாற்றியவருக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

விரிசலை மீண்டும் பற்றவைக்கலாம். ஆனால் செப்புத் தடமும் அரித்திருந்ததால், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது நம்பத்தக்கதன்று என்றார். புதிய பெட்டி கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில், லேபிளில் உள்ள எண்ணும் இறுதி எழுத்தும் பிசகாமல் பொருந்திய பழைய பெட்டி ஒன்றை 4,500 ரூபாய்க்கு ரசீதுடன் வாங்கி வந்தேன். எங்கள் காரில் இம்மொபிலைசர் இல்லை. இருந்தால் சாவியையும் பெட்டியையும் இணைக்கும் வேலை தனியே இருந்திருக்கும். மாட்டுவதற்கு முன் இன்ஜெக்டர்களையும் இக்னிஷன் காயிலையும் அளந்தார். அவற்றில் ஷார்ட் இருந்தால் வந்த பெட்டியும் எரிந்துபோகும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிய பிறகே பெட்டியை மாட்டினார். ஒன்றரை மணி நேரம் சூட்டில் ஓடவிட்டு, அணையாததைக் கண்டபின்தான் கூலி வாங்கினார்.

திரும்பும் வழியெல்லாம் வண்டி சீராக ஓடியது. என் மனம் ஓடவில்லை. உயிரற்ற தகரப் பெட்டி ஒன்றின்மீது குற்றம் சொல்ல அந்தப் பெரியவர் ஒரு பகல் முழுவதும் விசாரித்தார். ஒரு மனிதர்மீது குற்றம் சொல்ல எனக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. இருப்பதைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்பது சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பாடம். அடியாருக்கு இழைத்த தீங்கை அந்த அடியார் மன்னிக்காதவரை அது தீராது என்பதும் தெரியும். அவர் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவராயினும் இதில் வேறுபாடில்லை.

மறுநாள் காலை அவருடைய பட்டறைக்குச் சென்றேன். "அண்ணே, உங்க மேல தப்பே இல்ல. நான் சொன்னது பொய்யாப் போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றேன். கையைத் துணியில் துடைத்தபடி, "விடுங்க பாய். அன்னைக்கே கொண்டாந்திருந்தா நானும் எர்த்துலேருந்துதான் பாத்திருப்பேன்" என்றார். சிறிது நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல், "ரெண்டு மாசமா உங்க தெருவுலேருந்து யாரும் வரல" என்றார்.

குழுவில் உண்மையை எழுதினேன், இம்முறை அவருடைய பெயரையும் சேர்த்து. தேநீர்க் கடையிலும் சொன்னேன். சிலர் அவரிடம் திரும்பிச் சென்றார்கள், சிலர் செல்லவில்லை. பழிச்சொல் போய்ச் சேர்ந்த இடங்களையெல்லாம் என் மறுப்பு எட்டவில்லை. பெட்டியை மாற்ற 4,500 ரூபாய் போதுமாயிருந்தது. இந்த இழப்பை நான் எதைக் கொண்டு ஈடுசெய்வேன்?

அன்று முதல் எங்கள் வண்டி வேலை அனைத்தும் அவரிடம்தான். அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக.