பாம்பன் பாலத்தில் ஒரு பாடம்

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே இராமேசுவரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் அதன் இயல்பை அறிவார்கள். மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி. இருபுறமும் பனைகள், பனைகளுக்கிடையே சீமைக் கருவேல முட்காடு, கோடையில் ஓலைக் கொட்டகைகளில் நுங்கு விற்போர். உச்சிப்புளியைக் கடந்து மண்டபத்தை நெருங்கும்போது மண் வெளுத்து மணலாகிறது. காற்றில் உப்பு ஏறுகிறது. பிறகு நிலம் முடிந்து கடல் தொடங்குகிறது. கடலின்மேல் பாலம்.

இந்தச் சாலையில்தான் 1993-ஆம் ஆண்டு, என்னுடைய 18-ஆவது வயதில், நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவனல்லன் நான். அஞ்சி அஞ்சிக் கற்றுக்கொண்டவன்.

எங்கள் ஊர் கீழக்கரை. வாப்பா சவூதியிலும் காக்கா துபாயிலும் இருந்த காலம் அது. வீட்டில் ஆண்பிள்ளை என்று நான் ஒருவன்தான். உம்மாவுக்கு ஆஸ்துமா. முந்திய ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு உம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றியது. வாடகைக் கார் வைத்திருந்தவர்களின் கதவுகளை ஓடியோடித் தட்டினேன். ஒருவர் வெளியூர் போயிருந்தார். இன்னொருவரின் வண்டி பழுதாகிக் கிடந்தது. ஸுப்ஹு பாங்கு ஒலிக்கும்வரை உம்மா சுவரில் சாய்ந்தமர்ந்து ஒவ்வொரு மூச்சையும் விலைகொடுத்து வாங்குவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். செய்தியறிந்த வாப்பா கடிதம் எழுதினார்கள்: "பழைய அம்பாசிடர் ஒன்று வாங்க ஏற்பாடு செய்கிறேன். நீ ஓட்டப் பழகிக்கொள்."

கடிதத்தைப் படித்ததும் என் கைகள் நடுங்கின. அதற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நண்பனின் மொபெட்டை ஓட்டிச் சென்றபோது குறுக்கே வந்த ஓர் ஆட்டுக்குட்டியை இடித்துவிட்டேன். ஆட்டுக்காரக் கிழவி என்னைத் திட்டவில்லை. குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ஆனால் என் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அதன்பிறகு நான் வண்டியைத் தொடவில்லை.

மாஸ்டர்

இராமநாதபுரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றே அழைத்தனர். அறுபதை நெருங்கிய வயது; மெலிந்த தேகம்; முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. கருவாடும் உப்பும் ஏற்றிய லாரிகளைப் பல்லாண்டுகள் ஓட்டிவிட்டு, பிற்காலத்தில் ஆசிரியரானவர்.

முதல் நாள் அவர் எனக்குக் காரைக் காட்டவே இல்லை. மண்டபம் சாலையில் ஒரு கல் தொலைவு நடத்தி அழைத்துச் சென்று, ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்காரவைத்தார். அரைமணி நேரம் பேருந்துகளும் லாரிகளும் எங்களைக் கடந்து சென்றன. ஒவ்வொரு லாரிக்கும் என் சட்டை படபடத்தது. கண்ணில் மண் விழுந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"பயமாக இருக்கிறது, மாஸ்டர்."

"ஓரத்தில் நடப்பவனுக்குச் சாலை இப்படித்தான் இருக்கும். இதை அறியாதவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது தம்பி."

இரண்டாம் நாள் காரில் ஏற்றினார். ஆனால் பின் இருக்கையில்! கண்களை மூடிக்கொண்டு, அவர் எத்தனை முறை பிரேக் போடுகிறார் என்று எண்ணச் சொன்னார். நான்கு என்றேன். பதினொன்று என்றார். "மீதி ஏழும் உனக்குத் தெரியவில்லை அல்லவா? உன் உம்மா உட்காரப்போகும் இடம் அதுதான். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் நிறுத்துவதுதான் ஓட்டுவது" என்றார். என் வீட்டு நிலைமையை முதல் நாளே விசாரித்து மனத்தில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாளிலிருந்து முன் இருக்கை. அந்த அம்பாசிடரில் கியர்த்தண்டு ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது. முன்னிருக்கையோ நீண்ட ஒற்றை மெத்தை. மாஸ்டருக்கென இடப்புறம் தனியாகக் கிளட்சும் பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தன. ஏறியதும் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். வெறும் வலக்கால் தம் பக்கத்துப் பிரேக்கின்மேல் பஞ்சுபோல் படிந்திருக்கும். நான் தவறும்போது ஓசையின்றி அழுந்தும். எனக்கோ அந்தக் கால்தான் உயிர். சாலையைப் பார்த்ததைவிட அந்தக் காலையே அதிகம் பார்த்தேன்.

"தம்பி, சாலை அங்கே இருக்கிறது" என்பார், முன்கண்ணாடியைச் சுட்டி.

கை சமிக்ஞைகளில் அவர் கண்டிப்பானவர். வலப்புறம் திரும்பக் கையை நேராக நீட்ட வேண்டும். வேகம் குறைக்கும்போது நீட்டிய கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்தும்போது கையை உயர்த்த வேண்டும். "விளக்கு எரிகிறதா இல்லையா என்பது உனக்குத் தெரியாது. உன் கையை உனக்குத் தெரியும்" என்பது அவர் வாதம்.

இரண்டாம் வாரம் உச்சிப்புளியருகே ஓர் ஆட்டுமந்தை சாலையைக் கடந்தது. நான் பிரேக்கை மிதித்த வேகத்தில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. ஆடுகள் யாவும் கடந்த பின்னும் சாவியைத் திருப்ப என் கை எழவில்லை. வேறு வழியின்றி அந்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லிவிட்டேன். ஆறுதல் கூறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூறவில்லை.

"அந்த நடுக்கத்தில் பாதியை விட்டுவிடு, பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள். பயமே இல்லை என்று வருகிறவனைக் கண்டால்தான் எனக்குப் பயம்" என்றார்.

பாலத்தின் மேட்டில்

பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த நாட்கள் முடியும் தறுவாயில் ஒருநாள் அஸருக்குப் பின், "இன்று பாம்பன்" என்றார் மாஸ்டர்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடலைக் கடக்கும் அச்சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். அதற்கு முன் தீவுக்குச் செல்வோருக்கு 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலமும் படகுகளுமே வழி. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான முன்னதைப் பெண் கடல் என்றும், ஆர்ப்பரிக்கும் பின்னதை ஆண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் அழைப்பார்கள். கீழே கப்பல்களும் படகுகளும் செல்ல வேண்டியிருப்பதால் பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்திருக்கும். சமவெளியிலேயே பழகிய எனக்கு அதுதான் முதல் மேடு.

பாலத்தில் ஏறியதும் தென்மேற்குக் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றினேன். "கழுத்தை நெரிக்காதே; பிடித்தால் போதும்" என்றார். உச்சியை அடையுமுன், கடலை வேடிக்கை பார்க்க ஒரு சுற்றுலாப் பேருந்து சட்டென்று முன்னால் நின்றது. நானும் மேட்டில் நின்றேன். பின்னால் ஒரு லாரி என்னை ஒட்டி நின்று ஒலியெழுப்பத் தொடங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னோக்கி உருளும். எடுக்காமல் நகரவும் முடியாது. உடம்பெல்லாம் வியர்த்தது. வழக்கம்போல் என் கண் மாஸ்டரின் காலைத் தேடியது.

அவர் அந்தக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். இருக்கையின்மேல் மடித்து, மறு காலையும் மடித்து, திண்ணையில் அமர்ந்தவர்போல் சம்மணமிட்டுக்கொண்டார்.

"மாஸ்டர்!" என்றேன்.

"உம்மா பின்னால் இருக்கிறார்கள். மெல்ல."

பேருந்து நகர்ந்தது. கைப்பிரேக்கை இழுத்திருந்தேன். கிளட்சைச் சிறிது சிறிதாக விட்டேன். என்ஜினின் ஓசை தாழ்ந்து, காரின் முன்பகுதி இலேசாக நிமிர்ந்தது. அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து கைப்பிரேக்கை விடுவித்தேன். கார் பின்னால் போகவில்லை, ஏறியது. உச்சியில் இரு கடல்களும் ஒருசேரத் தெரிந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தேன். பாம்பனில் இறங்கும்வரை மாஸ்டர் கால்களைக் கீழே இறக்கவே இல்லை.

அந்த இரவு

உரிமம் பெற்று நான்கு மாதங்களில், 1994-இன் தொடக்கத்தில், மீண்டும் அப்படியோர் இரவு வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினேன். லாத்தா தம் மடியில் உம்மாவைச் சாய்த்துக்கொண்டார்கள். திருப்புல்லாணி வழியாக இராமநாதபுரம் சுமார் 17 கிலோமீட்டர். விரைந்து செல்ல மனம் துடித்தது. ஆனால் பள்ளங்களில் கார் குலுங்கினால் உம்மாவின் மூச்சு தடுமாறும். பின் இருக்கையில் கண்மூடி அமர்ந்திருந்த அந்த இரண்டாம் நாளை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். உரிய நேரத்தில் உம்மாவுக்குப் பிராணவாயு கிடைத்தது. காலையில் தெளிந்ததும், "எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தோம்? கார் நின்றதே தெரியவில்லையே" என்றார்கள்.

மாஸ்டரிடம் ஓடிச் சென்று சொன்னேன். "எத்தனை முறை பிரேக் போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். எண்ணவில்லை என்றேன். "நல்லது" என்றார். சில ஆண்டுகளில் அவர் காலமானார். உம்மா அதன்பின் பல்லாண்டுகள் எங்களோடு வாழ்ந்து, முதுமையில் மௌத்தானார்கள்.

சென்ற 2025-ஆம் ஆண்டு, பழகுநர் உரிமம் வைத்திருக்கும் என் மகள் அதே பாலத்தில் காரை ஏற்றினாள். பழைய ரயில் பாலத்தில் 2022-இலேயே போக்குவரத்து நின்றுவிட்டது. அருகில் அவ்வாண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப்பாலம். தார்ச்சாலையே இல்லாதிருந்த தனுஷ்கோடிக்கு அப்பால், 2017 முதல் அரிச்சல்முனைவரை சாலை நீள்கிறது. அதுவரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

மேட்டில் முன்னே சென்ற வேன் ஒன்று நின்றது. இல்லாத பிரேக்கை என் வலக்கால் தரைவிரிப்பின்மேல் ஓங்கி மிதித்தது. மகளின் பார்வை என் காலுக்குத் தாவியது. அவள் முகம் வெளிறியது.

இக்காலக் காரின் குறுகிய இருக்கையில் சம்மணமிடுவது எளிதன்று. என் முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. ஆயினும் சிரமப்பட்டு ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டேன்.

"சாலை அங்கே இருக்கிறது, மகளே" என்றேன்.

அவள் முன்னே பார்த்தாள். கார் ஏறியது.