அடுத்த பெட்டி எது?

திரையில் எத்தனை உரைப்பெட்டிகள் இருந்தாலும், ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்றுதான் விசைப்பலகைக்குச் செவிகொடுக்கும். அந்த உரிமையை நிரலாளர்கள் ஃபோகஸ் என்கிறார்கள். தமிழில் குவியம் எனலாம். குவியம் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு எவ்வாறு நகர்கிறது என்பது நிரலாக்கப் பாடநூல்களில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் செய்தி. எங்கள் கள ஆய்வுத் தரவை ஆறு மாதங்களாகச் சரிபார்த்து வரும் நிலையில், அந்த அரைப் பக்கம் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐதராபாத்தில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது எங்கள் ஆய்வு. வீடு வீடாகச் சென்று காகிதப் படிவங்களை நிரப்பினோம். அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு, வெளியே கொடுத்து எழுதி வாங்கிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் நிரல் ஒன்று இருந்தது. உள்ளீடு செய்தவர்கள் இரண்டு பெண்கள். கணக்கர் அலுவலகங்களில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். ஏற்றிய பதிவுகளைச் சரிபார்ப்பவர் என் சக ஆய்வாளர். அவருக்குக் கண்பார்வை இல்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டே பணிபுரிகிறார்.

தரவைப் பகுப்பாய்வுக்கு எடுத்தபோது, கணிசமான பதிவுகளில் வயது வரை நிரம்பி, அதற்குப் பின் எல்லாம் வெறுமையாக இருந்தன. வருமானம் இல்லை, கடன் இல்லை, பிள்ளைகளின் படிப்பு இல்லை. புள்ளியியலில் இத்தகைய வெற்றிடத்திற்கு ஒரு பொருள் உண்டு: கேட்டோம், அவர் சொல்லவில்லை. ஆனால் காகிதப் படிவத்தில் அந்த விடைகள் எல்லாம் இருந்தன. நாள் கூலியையும் வட்டிக் கடனையும் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு பெண், அட்டவணையில் வாய் திறக்க மறுத்தவராக மாறியிருந்தார்.

இதற்குக் காரணம் என்டர் விசை.

விண்டோஸ் மரபில் அடுத்த பெட்டிக்குச் செல்ல டேப் விசை. என்டர், படிவத்தின் இயல்புப் பொத்தானை அழுத்தியதற்குச் சமம். எங்கள் படிவத்தில் 'சேமி' அந்த இடத்தில் இருந்தது. ஐபிஎம் 1987இல் வெளியிட்ட காமன் யூசர் ஆக்சஸ் நெறிமுறைகளின் வழியில் வந்த வழக்கம் இது. அதற்கும் முன்பு 1971இல் வந்த 3270 முனையங்களிலேயே டேப் புலம் தாண்டும். என்டர், நிரப்பியதை மையக் கணினிக்கு அனுப்பிவிடும். ஆனால் நம் நாட்டின் உள்ளீட்டாளர்கள் பலர் கற்றது வேறு பள்ளியில். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் என்டர் அழுத்தினால் அடுத்த புலம். டாலியில் இன்றும் அப்படித்தான். எண் விசைத்தொகுதியைப் பாருங்கள்: வலது ஓரத்தில் பெரிய என்டர் இருக்கிறது, டேப் இல்லை. ஒரு கையால் எண்களைத் தட்டிக்கொண்டு, மறு கையால் காகிதத்தைப் புரட்டுகிறவருக்கு எந்த விசை இயல்பானது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வயது வரை எழுத்து விசைகளும் டேப்புமாக வந்த கை, முதல் எண்ணைத் தட்டியவுடன் பழக்கப்படி என்டருக்குப் போயிருக்கிறது. படிவம் சேமிக்கப்பட்டு, புதிய படிவம் திறந்திருக்கிறது.

'பயிற்சி போதாது' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இருபது ஆண்டுப் பயிற்சி அந்த விரல்களில் இருக்கிறது என்பதே என் பதில். பழைய விஷுவல் பேசிக் நிரலாளர்கள் இதை அறிந்திருந்தார்கள். கீபிரஸ் நிகழ்வில் 13ஆம் எண் விசை வந்தால் சென்ட்கீஸ் மூலம் ஒரு டேப்பை அனுப்பிவிடுவார்கள். அழகான வழி என்று சொல்லமாட்டேன்; விண்டோஸ் விஸ்டா வந்தபோது அனுமதி மறுப்புப் பிழையோடு அது பல இடங்களில் நின்றும் போனது. ஆனாலும் பயனரின் கையைப் பார்த்து எழுதப்பட்ட வரி அது.

சக ஆய்வாளர் கண்டது வேறொரு சிக்கல். விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் டேப்இண்டெக்ஸ் என்றொரு எண் உண்டு. நிரலாளர் தாமாக மாற்றாவிட்டால், பெட்டிகளைப் படிவத்தில் வைத்த வரிசையே அந்த எண்ணாகிவிடும். சொந்த ஊர் என்னும் பெட்டியை யாரோ மறந்து கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது பெயருக்குக் கீழே இருக்கிறது. டேப் அழுத்திச் செல்பவருக்கோ கடன் விவரங்களுக்கெல்லாம் பிறகு வருகிறது. மவுஸ் பிடிப்பவர் இதை அறியவே மாட்டார். செவியால் படிப்பவருக்குக் குவியத்தின் வரிசைதான் படிவம். கடன் கொடுத்தவரின் பெயரை அடுத்து 'சொந்த ஊர்' என்று குரல் சொன்னால், அது யாருடைய ஊர்?

இதைவிடக் கொடியது வேலிடேட்டிங் நிகழ்வு. விடை தவறானால் குவியத்தை அங்கேயே பிடித்து நிறுத்தலாம் என்ற வசதி அது. எங்கள் படிவத்தில் தொலைபேசி எண் பத்து இலக்கம் இல்லையென்றால் பெட்டி யாரையும் வெளியே விடாது. எச்சரிக்கை சிவப்பு நிறத்தில் மட்டும். ஒலி இல்லை, சொல் இல்லை. அவர் டேப் அழுத்துகிறார், எதுவும் நடப்பதில்லை. ரத்துப் பொத்தானுக்குச் செல்லவும் வழியில்லை; அந்தப் பொத்தானின் காசஸ்வேலிடேஷன் பண்பை மாற்றி வைத்திருந்தால் அந்த வழியாவது திறந்திருக்கும். தொலைபேசியே இல்லாத குடும்பங்கள் எங்கள் ஆய்வில் உண்டு. அவற்றுக்கு உள்ளீட்டாளர்கள் பத்துச் சுழியங்களை இட்டு வெளியேறியிருந்தார்கள்.

பெட்டி நிரம்பியதும் குவியம் தானாக அடுத்ததற்குத் தாவுவதும் வசதி என்றே சேர்க்கப்பட்டது. தமிழில் அது என்ன செய்யும் என்பதற்கு முத்துலட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஏழு எழுத்துகள். யூனிகோடில் பதின்மூன்று குறிகள். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். பெட்டியின் எல்லை பன்னிரண்டு என்றால், 'முத்துலட்சும' என்பதோடு பெட்டி நிரம்பிவிடும். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் அடுத்துத் தட்டும் இகரக் கொக்கி, தந்தை பெயருக்கான பெட்டியின் தலையில், எந்த மெய்யையும் சாராமல் போய் உட்காரும். காகிதத்தைப் பார்த்துத் தட்டுகிறவர் திரையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் இன்னொரு பெயரும் முடிந்திருக்கும்.

நிரலை இப்போது திருத்திவிட்டேன். என்டரும் டேப்பும் இரண்டுமே அடுத்த பெட்டிக்குச் செல்லும். சேமிப்பதற்குத் தனி விசை. தானாகத் தாவுவதை முழுவதும் நீக்கினேன். வரிசை, காகிதப் படிவத்தின் வரிசை. தவறுகளைப் பெட்டியின் வாசலில் தடுக்காமல், சேமிக்கும்போது ஒன்றாகத் திரட்டிச் சொல்லும்படி வைத்தேன்; திரைவாசிப்பான் அவற்றைப் படிக்கிறது. குறைப் பதிவுகளைக் காகிதத்தோடு ஒப்பிட்டு மீண்டும் ஏற்றுகிறோம்.

தீராதது ஒன்று: களக்குறிப்புக்கான பலவரிப் பெட்டி. அங்கே என்டர் புதிய வரியைத் தொடங்கியாக வேண்டும். ஆகவே அந்த ஒரு பெட்டியில் மட்டும் டேப்தான் வெளியேறும் வழி. உள்ளீட்டாளர் இருவரில் ஒருவர் அதற்குப் பழகிவிட்டார். மற்றவரின் குறிப்புகளுக்குக் கீழே இரண்டு மூன்று வெற்று வரிகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் துறைகளில் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று எழுதினால் பயன்படும்.